மூன்று மணிகள்: மொரிசியசுக்கு அடியில் கண்டம் இருப்பதாகச் சொன்ன ஆய்வைப் பற்றி

2017 பிப்ரவரி 9, தைப்பூசக் காவடி. மொரிசியசில், கத்ர் போர்ன் ஊர்ப் பக்கம் கோர் தெ கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயில் படியில் பால்குடத்தை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பிப்ரவரி எங்களுக்குக் கோடை; படிக்கல் பாதத்தைப் பொரித்தது. சின்ன வயதில் எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த ஐயா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கைப்பேசியை நீட்டினார். அவரோடு பேசும்போது மட்டும் எங்கள் அன்றாடப் பேச்சான கிரியோல் வாயில் வரக்கூடாது.

"என்னம்மா, சயன்ஸ் டீச்சர், பார்த்தியா? குமரிக்கண்டம் நம்ம காலுக்குக் கீழேயே கிடக்குதாம்."

வாட்ஸாப்பில் வந்த செய்தி அது. ஒன்பது நாளுக்கு முன், ஜனவரி 31 அன்று, நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. அது பல கைகள் மாறி எங்கள் கோயிலுக்கு வந்து சேர்வதற்குள் பாண்டியனும் பஃறுளியாறும் அதில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. "அது வேற கண்டம் ஐயா" என்று ஆரம்பித்தேன், மேளச் சத்தத்தில் முடிக்க முடியவில்லை. பிறகு அந்தக் கட்டுரையையும் அதற்கு நான்கு ஆண்டு முன் வந்த இன்னொன்றையும் எடுத்துவைத்துப் படித்தேன். கண்டத்தைவிட என்னைப் பிடித்து இழுத்தது வேறொன்று: தங்கள் முதல் சாட்சியை யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தபின் ஆய்வாளர்கள் அடுத்த சாட்சியை எங்கே தேடினார்கள் என்பது.

இரண்டு கருங்கல்

எங்கள் தீவைப் பார்த்தவர்களுக்குக் கரும்புத் தோட்டங்களின் நடுவே கோபுரம் மாதிரி நிற்கும் கல் குவியல்கள் நினைவிருக்கும். நிலத்தைத் திருத்தியபோது பொறுக்கிப் போட்ட கற்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கையால் சுமந்து அடுக்கியவை. அதற்கு நூறு ஆண்டு முன்பே, 1730களில், பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். தலைநகர் போர்ட் லூயிசின் பழைய கட்டடங்களில் இருக்கும் கறுத்த கல்லைச் செதுக்கியவர்களில் அவர்களும் உண்டு.

அந்தக் கொத்தர்கள் இந்தக் கல்லையும் கருங்கல் என்றுதான் அழைத்திருப்பார்கள். நாமும் அப்படியே அழைக்கிறோம். ஆனால் தமிழ்நாட்டுக் கருங்கல்லும் மொரிசியஸ் கருங்கல்லும் ஒரு சாதி அல்ல. அங்கே கோயில் தூணாக நிற்பது கிரானைட், நைஸ், சார்னோக்கைட் வகை. கண்டத்தின் கல். சேலம் பக்கத்தில் அதற்கு ஏறத்தாழ 250 கோடி வயது. இங்கே குவிந்து கிடப்பது பசால்ட், எரிமலைக் குழம்பு உறைந்தது. தீவின் மலைகளாக நிற்கும் 'பழைய வரிசை' எரிமலைப் பாறைகளுக்கே ஏறக்குறைய 90 லட்சம் முதல் 47 லட்சம் ஆண்டு வரைதான் வயது. நான் உட்கார்ந்திருந்த மலையும் அந்தக் காலத்து மிச்சமே.

இதிலிருந்துதான் புதிர் தொடங்குகிறது. கண்ட மேலோடு லேசானது, தடிமனானது, சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர். அதனால் மிதந்து நிலைக்கிறது, முதுமை அடைகிறது. கடலடி மேலோடு சுமார் 7 கிலோமீட்டர்தான். நடுக்கடல் மலைமுகடுகளில் பிறந்து, விலகி, கடைசியில் வேறொரு புவித்தட்டுக்கு அடியில் போய் மடிகிறது. இன்றைய பெருங்கடல் தளத்தில் சுமார் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பகுதி அரிது. ஆக, நடுக்கடலில் எரிமலையால் எழும்பிய தீவில் 100 கோடி ஆண்டுப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. வீட்டில் கொள்ளுப்பாட்டியின் திருமணப் புகைப்படம் இருக்கலாம்; சோழர் காலத்துப் புகைப்படம் இருந்தால் யாரோ கொண்டுவந்து வைத்தது என்றுதானே நினைப்போம்?

மணல்

2013இல் நேச்சர் ஜியோசயன்ஸ் இதழில் டிரோண்ட் டோர்ஸ்விக் தலைமையில் பத்துப் பேர் எழுதிய கட்டுரை அப்படிப்பட்ட ஒரு புகைப்படத்தைக் காட்டியது. மொரிசியஸ் கடற்கரையில், பசால்ட் அரைபட்டுச் சேர்ந்த கறுப்பு மணலில், சிர்கான் மணிகள் சில கிடைத்தன. சிலவற்றின் வயது 66 முதல் 84 கோடி ஆண்டு. இன்னும் பழையவையும் இருந்தன, 197 கோடி ஆண்டுக்கு மேல்.

சிர்கான் என்பது சிர்கோனியம் சிலிகேட். முக்கியமாகக் கிரானைட் போன்ற கண்டப் பாறைகளில் விளைவது, பசால்ட்டில் அபூர்வம். அது படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. பிறகு யுரேனியம் சிதைந்து ஈயமாகும். ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் எல்லாம் அங்கேயே பிறந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அதிலும் இரண்டு கடிகாரம் ஒரே பெட்டிக்குள். யுரேனியம்-238 பாதியாகச் சுமார் 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235 பாதியாகச் சுமார் 70 கோடி ஆண்டு. இரண்டு சாட்சிகளைத் தனித்தனி அறையில் விசாரிப்பது மாதிரி: இருவரும் ஒரே வயதைச் சொன்னால், இடையில் மணி சூடுபட்டோ கசிந்தோ கெடவில்லை என்று நம்பலாம்.

மணிகளைப் பிரித்தெடுக்கும் வேலை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அவர்கள் பாட்டிகள் செய்ததுதான். அரிசி களைந்து கல் அரிப்பார்களே, கனமானது அடியில் தங்கும், லேசானது நீரோடு போகும். ஆய்வகத்தில் நீருக்குப் பதில் அடர்த்தியான திரவம். பிறகு காந்தம் வைத்து இரும்புள்ள மணிகளை விலக்குவார்கள். மிச்சத்தைத் தட்டில் பரப்பி, நுண்ணோக்கியின் கீழ் ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். கிடைப்பது ஒரு மயிரிழை அகலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி. தும்மினால் ஒரு மாத வேலை போய்விடும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். கொஞ்சம் மிகைதான்.

கட்டுரைக்காரர்கள் சொன்ன விளக்கம்: மொரிசியசை எழுப்பிய குழம்பு, கீழே புதைந்து கிடக்கும் ஒரு பழைய கண்டத் துண்டின் வழியாக ஏறி வந்தது, வரும்போது சில சிர்கான்களை வாரிக்கொண்டு வந்தது. அந்தத் துண்டுக்கு 'மொரிசியா' என்று பெயர் வைத்தார்கள்.

சந்தேகம்

மணலை யாரும் விடவில்லை. விடவும் கூடாது. மணல் ஊர் சுற்றும் பொருள். காற்று தூக்கிவந்திருக்கலாம். கப்பல் கொண்டுவந்திருக்கலாம். கட்டட வேலைக்கு வந்த லாரியின் டயரில் ஒட்டியிருக்கலாம். ஏன், மடகாஸ்கரிலும் ஆப்பிரிக்காவிலும் களப்பணி செய்த ஆய்வாளரின் காலணியிலேயே வந்திருக்கலாம். இந்தத் தீவில் வாழ்பவளாக எனக்கு லாரி வாதம் உடனே பட்டது: 2001இல் காயல் மணல் எடுப்பது தடை செய்யப்படும்வரை மணல் இங்கே லாரி லாரியாக இடம் மாறிக்கொண்டுதான் இருந்தது.

மணலை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு நியாயம் இருந்தது. பாறையை எடுத்து இயந்திரத்தில் நொறுக்கினால், அதே இயந்திரத்தில் முன்பு நொறுக்கிய கிரானைட்டின் சிர்கான் ஒன்று பல்லிடுக்கில் ஒளிந்திருந்து உள்ளே விழுந்துவிடும். அலை நொறுக்கிய மணலில் அந்த ஆபத்து இல்லை. ஒரு கறையைத் தவிர்க்கப் போய் இன்னொரு கறைக்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஆஸ்லோவில் அந்த மணிகளை அளந்த முறையில் மணியை அமிலத்தில் முழுதாகக் கரைத்துத்தான் ஐசோடோப்பை எண்ண வேண்டும். துல்லியத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அளந்து முடித்தபின் மணி கிடையாது. சாட்சி வாக்குமூலம் கொடுத்துவிட்டு மறைந்துவிடுகிறார். குறுக்கு விசாரணைக்கு வழியில்லை.

பாறை

2017 கட்டுரையில் மூன்று பெயர்கள்தான்: ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஆஷ்வால், ஜெர்மனியின் போட்ஸ்டாம் புவியறிவியல் ஆய்வு மையத்தின் மைக்கேல் வீடன்பெக், ஆஸ்லோவின் டோர்ஸ்விக். மணலை விட்டுவிட்டார்கள். தீவின் பாறையிலேயே, தரையோடு பிணைந்த கல்லிலேயே, சிர்கானைத் தேடினார்கள்.

எந்தப் பாறையில் தேடுவது என்பதில்தான் அவர்கள் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பசால்ட் குழம்பு சிர்கானுக்கு எமன். 1,200 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும், சிர்கோனியம் போதாத குழம்பு. உள்ளே விழுந்த சிர்கானைக் கற்கண்டு மாதிரிக் கரைத்துவிடும். மொரிசியசில் பசால்ட்டைத் தவிர இன்னொரு எரிமலைப் பாறையும் கொஞ்சம் உண்டு, டிராக்கைட். வெளிறிய நிறம், சிலிகா அதிகம். பழைய வரிசைப் பசால்ட்டைத் துளைத்துக்கொண்டு சிறுசிறு முளைகளாக நிற்கிறது. சிர்கோனியம் செறிந்த குழம்பிலிருந்து வந்ததால் அதில் சிர்கான் பிழைக்க வாய்ப்பு உண்டு. தவிர, இந்த டிராக்கைட்டுகளின் வேதியியலில் பழைய கண்டப் பாறை சிறிதளவு கலந்த சாயல் இருப்பதை ஆஷ்வால் குழுவினர் முன்னமே கவனித்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு முளையின் கல்லிலிருந்து கிடைத்தவை 13 மணிகள். பத்தின் வயது 57 லட்சம் ஆண்டு, அதாவது அந்த டிராக்கைட் உறைந்த காலத்திலேயே பிறந்தவை. மிச்சம் மூன்றின் வயது 250 கோடிக்கும் 303 கோடிக்கும் இடையில்.

செய்தித்தாள்கள் மூன்றைப் பற்றி மட்டும் எழுதின. எனக்கு அந்தப் பத்தும் முக்கியம். பாறை எப்போது உறைந்தது என்பதை அதே தட்டில் உட்கார்ந்து சொல்வது அவைதான். மூன்று மட்டும் தனியே கிடைத்திருந்தால் மறுபடியும் காலணிக் கதைதான் ஓடியிருக்கும். மேலும், இளைய மணிகளின் உள்ளே பெரிய அமைப்பு எதுவும் இல்லை, வெறுமை. முதியவை அப்படியில்லை.

அளந்த விதமும் மாறியிருந்தது. போட்ஸ்டாமில் இருக்கும் அயனி நுண்ணாய்வுக் கருவியில் மணிகளை ஒரு ரெசின் வில்லையில் பதித்து, பாதியாகத் தேய்த்து மெருகேற்றி, ஆக்சிஜன் அயனிக் கற்றையை ஒரு புள்ளியில் அடிப்பார்கள். அங்கே மயிரிழையைவிடச் சிறிய குழி விழும். கிளம்பும் அணுக்களை எண்ணுவார்கள். ஒரே மணியில் பல புள்ளிகளில் அடிக்கலாம். மணி வில்லையிலேயே இருக்கும். நாளைக்கு யாராவது ஐயப்பட்டால் எடுத்து மறுபடி பார்க்கலாம். மூன்று முதியவற்றிலும் இரண்டு கடிகாரமும் ஒத்தே ஓடின.

யார் என்ன செய்தார்

'உலக விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு' என்று எழுதிவிட்டால் இந்த வேலையின் தையல் தெரியாமல் போய்விடும். சிர்கான் 'பழைய கண்டம்' என்று சொல்லும். எவ்வளவு பெரியது, எங்கே கிடக்கிறது என்று சொல்லாது. 2013 கட்டுரையில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் நிக் குஸ்னிர் ஈர்ப்புவிசைத் தரவிலிருந்து மேலோட்டின் தடிமனைக் கணக்கிட்டார். மொரிசியசிலிருந்து வடக்கே செஷல்ஸ் வரை வில் மாதிரி ஒரு தடித்த பட்டை தெரிந்தது. கார்மென் கைனாவும் டோர்ஸ்விக்கும் தட்டுகளைக் காலத்தில் பின்னோக்கி நகர்த்தினார்கள். ஃபெர்னாண்டோ கோர்ஃபுவின் கை ஈயத்தை எண்ணியது. ஆஷ்வால் மடகாஸ்கர் பாறைகளை நெடுங்காலம் பார்த்த கண். 2013இலேயே ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பூமியின் பரிணாமத்துக்கும் இயக்கவியலுக்கும் ஒரு தனி ஆய்வு மையம் தொடங்கியது; அப்போது டோர்ஸ்விக் அதன் தலைவராக இருந்தார்.

இரண்டு கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலிலும் மொரிசியஸ்காரர் ஒருவரும் இல்லை. கல் நம்முடையது, கருவி அவர்களுடையது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் ரெதுயி வழியாகப் பேருந்தில் போகும்போது பல்கலைக்கழக வாசலைப் பார்த்தால் ஒரு முறை நெருடும்.

கண்டம் எப்படி இங்கே வந்தது

கோண்டுவானா என்ற பழைய தென்பெருங்கண்டம் உடைந்தபோது இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியே இருந்தன. பிறகு நடுவே கடல் திறந்தது. அந்தக் கடலைத் திறந்த மலைமுகடு ஒரே இடத்தில் நிற்கவில்லை, துள்ளித் துள்ளி இடம் மாறியது. ஒவ்வொரு துள்ளலிலும் கண்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு கீற்று பிய்ந்தது. 8.35 கோடி ஆண்டுக்கும் 6.1 கோடி ஆண்டுக்கும் இடையே நடந்தது இது. செஷல்ஸ் அப்படித் தனித்து நின்ற ஒரு துண்டு; அதன் கிரானைட் கடலுக்கு மேலேயே தெரிகிறது, வயது சுமார் 75 கோடி. 2013இல் மணலில் கிடைத்த சில மணிகளின் வயதும் அந்தப் பக்கமே. மொரிசியா இன்னொரு துண்டு, நீண்டு மெலிந்து மூழ்கியது. அதன் 300 கோடி ஆண்டு மணிகளுக்கு உறவு தேடியபோது, இன்று மொரிசியசுக்கு மேற்கே இருக்கும் மடகாஸ்கரின் மத்திய, கிழக்குப் பகுதிப் பாறைகளோடு வயதுகள் பொருந்தின. ஒரு காலத்தில் அந்தப் பகுதியும் தென்னிந்தியாவும் ஒரே கரு.

மூழ்கிய துண்டின் மேல் எரிமலை வந்தது தனிக் கதை. சுமார் 6.6 கோடி ஆண்டு முன் பூமியின் ஆழத்திலிருந்து எழுந்து தக்காணத்தை லாவாவால் மூடிய அதே வெப்பத் தூண், இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று தடம் விட்டு, பிறகு மொரிசியசை எழுப்பி, இன்று பக்கத்துத் தீவான ரீயூனியனில் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலையாகக் குமுறுகிறது. தூண் நகரவில்லை, மேலே தட்டுதான் நகர்ந்தது. அதைப் படம் பிடிக்க 2012 அக்டோபரில் பிரெஞ்சு, ஜெர்மன் குழுக்கள் சேர்ந்து மரியோன் துஃப்ரேன் கப்பலிலிருந்து 57 நில அதிர்வுமானிகளைக் கடலடியில் இறக்கின. ஓராண்டு கழித்து எடுத்துப் பார்த்தபோது கிளைத்த மரம் மாதிரி ஓர் அமைப்பு தெரியவந்தது. 2018இல் ரீயூனியன் லாவாவில் உள்ள நியோடிமியம் என்ற தனிமத்தை அளந்த வேறொரு குழு, பூமி பிறந்த முதல் சில பத்துக் கோடி ஆண்டுகளுக்குள் ஏற்பட்ட வேறுபாட்டின் சுவடு அதில் இன்னும் இருப்பதாக நேச்சரில் எழுதியது. கரும்புக் காட்டுக் கல்லை அதன்பிறகு என்னால் பழைய மாதிரிப் பார்க்க முடியவில்லை.

இன்னும் தீராதது

பழைய சிர்கான் கிடைத்தால் அடியில் கண்டம்தான் என்று சட்டமில்லை. 1998இலேயே நடு அட்லாண்டிக் மலைமுகட்டுப் பாறையில் 160 கோடி ஆண்டு வரை பழைய சிர்கான்கள் கிடைத்தன. அங்கே அடியில் கண்டம் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. மேலோட்டுக்கு அடியில் இருக்கும் மூடகத்துக்குள் இழுபட்டுப்போன கண்டத் துணுக்குகள் அங்கேயே சுற்றித் திரிந்து மேலே வரலாம். மொரிசியசுக்கு அடியிலும் அப்படி இருக்கலாமே என்று கேட்பவரை ஒதுக்க முடியாது. ஆஷ்வால் தரப்பின் பலம், ஒரே இடத்தில் மூன்று விதச் சான்று சேர்வது: மணிகளின் வயது, டிராக்கைட்டின் வேதியியல், ஈர்ப்புவிசை. என் கணிப்பில் தராசு அவர்கள் பக்கம் சாய்கிறது. ஆனால் பசால்ட்டைத் துளைத்து அடிக்கல்லை வெளியே எடுத்துக் காட்டும் வரை அது சாய்வுதான்.

குமரிக்கண்டமா?

ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார், லெமூர்கள் மடகாஸ்கரில் இருப்பதையும் அவற்றின் உறவினங்கள் இந்தியப் பக்கம் இருப்பதையும் விளக்க ஒரு மூழ்கிய கண்டத்தைக் கற்பித்து லெமூரியா என்றார். அதன் மிச்சம் என்று அவர் சுட்டியவை மடகாஸ்கரும் மஸ்கரீன் தீவுகளும், அதாவது எங்கள் மொரிசியசும் அதன் அண்டைத் தீவுகளும்! தட்டுகள் நகரும் என்று தெரியாத காலம். அந்தப் பெயரைத்தான் பின்னால் நம்மவர்கள் கடல்கோள் மரபோடு சேர்த்துக்கொண்டார்கள். மொரிசியா பிய்ந்தபோது தரையில் டைனோசர் இருந்தது. நம் இனத்துக்கே வயது சுமார் 3 லட்சம் ஆண்டு. பனியுகத்தில் கடல் சுமார் 120 மீட்டர் இறங்கியிருந்தபோது மஸ்கரீன் திட்டுகள் சில தலைகாட்டியிருக்கும், உண்மை. ஆனால் மொரிசியசில் மனிதர் குடியேறியது 1638இல், டச்சுக்காரர்கள்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஐயாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை படித்தார். சந்திப்பிழை ஒன்றைச் சிவப்பு மையால் திருத்தினார். பிறகு "8 கோடி வருஷம்" என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப அது மூழ்கினதைப் பார்க்கவே ஆள் இல்லையேம்மா."

"இல்ல ஐயா."

"சரி. கல்லு மட்டும் நம்ம ஊர்க் கல்லுக்குச் சொந்தமா?"

"தூரத்துச் சொந்தம் ஐயா. மடகாஸ்கர் வழியில."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அதைப் பெரிய எழுத்துல எழுதியிருக்கலாம்" என்றார்.